வராதவர்களின் டாக்டர்

அந்த மனிதர் 310 முறை டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார். டாக்டரோடு அவர் உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் 41 மணி நேரம் வருகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு எட்டு நிமிடம் முழுதாக இல்லை. முதலில் வந்தபோது பிரஷர் எக்கச்சக்கம். உடம்பு பருமன், அதோடு சிகரெட்டும். வருஷங்கள் போகப் போகச் சுகரும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்ப்பது, மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது, சிகரெட் எண்ணிக்கையை விசாரிப்பது, வீட்டுக் கதை கொஞ்சம், அடுத்த தேதி. சினிமாவில் காட்ட ஒரு காட்சிகூடத் தேறாத வைத்தியம் அது.

இத்தனை வருஷமும் அவருக்குப் பக்கவாதம் வரவில்லை. மாரடைப்பு வரவில்லை. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரைக்கும் போகவில்லை. சுகரால் வரக்கூடிய எந்தப் பெரிய கேடும் அண்டவில்லை. தன் தொழில் வாழ்க்கையில் மிகுந்த நிறைவைத் தந்தது எது என்று சொல்லவந்தபோது அவருடைய டாக்டர் சொன்னது இதைத்தான்: நடக்காமல் போன சங்கதிகள். ஆரம்பத்தில் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்த இருவர், மெல்ல மெல்ல ஒரே பக்கத்துக்கு வந்து, அருகருகே உட்கார்ந்து அந்த உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

அந்த டாக்டரின் பெயர் ஜூலியன் டியூடர் ஹார்ட். 1961-இல் அவர் குடும்ப டாக்டராகப் போய்ச் சேர்ந்த ஊர், தெற்கு வேல்ஸில் உள்ள கிளின்கோருக். ஆவன் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கிற சுரங்கக் கிராமம். இரண்டு பக்கமும் மலை; தார்ச்சாலை ஊரோடு முடிந்துவிடும். அங்கிருந்து எங்கேயும் போக முடியாது, வந்த வழியே திரும்ப வேண்டும். சுமார் 2000 பேர். ஆண்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குகிறவர்கள், மற்றவர்கள் கீழே போர்ட் டால்பட் இரும்பாலைக்குப் போகிறவர்கள். நகரத்தில் படித்துத் தேறிய டாக்டர் குடியேற நினைக்கிற ஊரல்ல. கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்தவர், நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலிடமும் ஆர்ச்சி காக்ரேனிடமும் ஆராய்ச்சி பழகியவர், அங்கே போய் உட்கார்ந்தார். கால் நூற்றாண்டுக்கும் மேல் எழுந்திருக்கவில்லை.

அவர் வெறுமனே தியாகம் செய்யப் போனவர் என்று எடுத்துக்கொண்டால் கதை தப்பிப்போகும். அவருக்கு அந்த ஊரில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று கிடைத்தது. அது ஒரு முழு ஊர்ப் பட்டியல்.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அந்த ஏற்பாட்டில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிந்திருப்பார்கள். டாக்டருக்குக் காசு வருவது பெரும்பாலும் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்ற தலைக்கணக்கில்தான். எத்தனை ஊசி போட்டார் என்பதில் அல்ல. அந்தக் காலத்தில் நோயாளி வீடு மாற்றினால் அவருடைய கேஸ் சீட்டுகள் அடங்கிய சின்ன உறையும் புது டாக்டரிடம் போய்ச் சேரும். கேட்பதற்கு அலுவலக நடைமுறை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் ஊர் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கு இன்று வந்த 80 பேரைத் தெரியும். வராதவர் யார், எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை. கிளின்கோருக்கில் ஊரில் ஒரே ஒரு கிளினிக். ஊரே அதில் பதிந்திருந்தது. எனவே வராதவருக்கும் அங்கே பெயர் இருந்தது, வயது இருந்தது, கதவு எண் இருந்தது.

கிராமத்து டாக்டருக்கு இருக்கிற இந்த வசதியை அவருக்கு முன்பே ஒருவர் பயன்படுத்திக் காட்டியிருந்தார். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வென்ஸ்லிடேல் பகுதிக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் பிக்கிள்ஸ். 1929-இல் அங்கே மஞ்சள் காமாலை பரவியபோது, யார் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று வீடு வீடாக நூல் பிடித்துக்கொண்டே போனார். ஒருநாள் காலையில் காமாலையோடு படுக்கையில் கிடந்த ஒரு வேலைக்காரப் பெண், பிற்பகலில் எழுந்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டாள். எழுந்து போவாள் என்று டாக்டருக்குத் தோன்றவே இல்லை. அடுத்த சில வாரங்களில் அவளைத் தொட்டுப் பல பேருக்குக் காமாலை. தொற்றிய நாளும் தெரியும், வெளிப்பட்ட நாளும் தெரியும் என்பதால், அந்த நோய் உடம்புக்குள் எத்தனை நாள் பதுங்கியிருக்கும் என்று கணக்குப் போட முடிந்தது. பெரிய நகர ஆஸ்பத்திரியில் எந்தப் பேராசிரியருக்கும் அந்தக் கணக்கு வசப்படாது. யார் யாரோடு திருவிழாவுக்குப் போனார்கள் என்பது அவருக்குத் தெரியாதே! பிக்கிள்ஸ் அதையெல்லாம் 1939-இல் ஒரு புத்தகமாக எழுதினார்.

ஆனால் பிக்கிள்ஸ் பார்த்தது ஆடு மேய்க்கிற, பால் கறக்கிற ஊர்கள். டியூடர் ஹார்ட் வந்து சேர்ந்தது நிலக்கரித் தூசியில். நுரையீரல் கல்லாகிப்போன கிழவர்கள், நாற்பது வயதிலேயே முதுகும் முழங்காலும் போனவர்கள், இழப்பீட்டுக்கு மருத்துவச் சான்று கேட்டு வருகிறவர்கள், மூச்சிரைப்போடு சிகரெட்டையும் விடாதவர்கள். இப்படிப்பட்ட ஊரில் டாக்டர் வேலை என்பது வெள்ளத்தில் நிற்கிற மாதிரி. கதவைத் திறந்தால் கூட்டம், மூடினால் வீட்டு அழைப்பு. கூட்டம் முடிந்தால் போதும் என்று படுக்கப் போகிற டாக்டர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. இந்த மனிதர் கூட்டம் முடிந்த பிறகு இன்னொரு கேள்வியைக் கையில் எடுத்தார்: இவர்களைத் தவிர மற்றவர்கள் எங்கே?

முக்கியமாக ஆண்கள். பெண்கள் பிரசவத்துக்கு வருவார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், மாமியாரை அழைத்துக்கொண்டு வருவார்கள். முப்பது வயதுச் சுரங்கத் தொழிலாளி, கை நசுங்கினால் ஒழிய வரமாட்டான். பிரஷரோ வலிக்காது, அரிக்காது, தூக்கத்தைக் கெடுக்காது. அது தன் இருப்பைச் சொல்லும் முதல் சேதியே சில சமயம் சாவுச் செய்தியாக இருக்கும்.

1968-இல் ஊர் முழுக்கப் பிரஷர் பார்த்துவிடுவது என்று இறங்கினார்கள். இதற்காகத் தனியாக முகாம் பந்தல் போடவில்லை. முறை ரொம்பச் சாதாரணமானது. வேறு எதற்காக வந்தாலும், தொண்டை வலியோ சான்றிதழோ, கையோடு பிரஷரையும் பார்த்து உறையின் மேல் குறித்துவிட வேண்டியது. சில வருஷங்களுக்குள் எப்படியும் ஊரில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு காரணத்துக்குக் கிளினிக் படியேறிவிடுவார்கள். பட்டியலில் யார் பெயருக்கு எதிரே எண் இல்லையோ அவர்களைத் தேடிக்கொண்டு போக வேண்டியது. கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். உலகம் முழுக்க டாக்டர்கள் செய்யாமல் விட்டது அந்த இவ்வளவைத்தான். முழு ஊரையும் இப்படி அளந்து முடித்த விவரம் 1970-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியானது. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வு மையமாக ஏற்றுக்கொண்ட முதல் குடும்ப டாக்டர் கிளினிக்காக அந்த மலைமுட்டு ஊர் ஆனது. அவருடைய மனைவி மேரி அந்த ஆய்வு வேலையில் பாதியைச் சுமந்தவர்; இப்படிப்பட்ட கதைகளில் வழக்கமாக விட்டுப்போகிற பெயர் என்பதால் இங்கே சொல்லிவிடுவது நல்லது.

பிரஷர் விஷயத்தில் ‘பாதிப் பாதி விதி’ என்று ஒன்று உண்டு. பிரஷர் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் சிகிச்சையில் இல்லை. சிகிச்சையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது கட்டுப்பாட்டில் இல்லை. ஆக, எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் வைத்தியம் உருப்படியாகப் போய்ச் சேர்கிறது. முதலில் அமெரிக்காவில் கண்டது இது. திரும்பத் திரும்பப் பேசி டாக்டர்களின் மண்டையில் ஏற்றியவர்களில் டியூடர் ஹார்ட் முக்கியமானவர். இந்த விதி இன்னும் செல்லுமா என்று சென்னை மக்களிடையே ஓர் ஆய்வு நடந்து 2003-இல் வெளியானது. பிரஷர் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட அது இருப்பது தெரிந்திருக்கவில்லை. வேல்ஸ் மலைமுட்டிலிருந்து சென்னைத் தெரு வரைக்கும் அதே கணக்கு.

டியூடர் ஹார்ட் இன்னொரு வேலையும் செய்தார். மனசில் தெம்பு உள்ளவர்தான் அதைச் செய்ய முடியும். தன் கிளினிக்கில் பதிந்தவர்களில் அடுத்தடுத்து இறந்த 500 பேரின் கேஸ் சீட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து வைத்துக்கொண்டு, இது ஏன் நடந்தது, எங்கே யார் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏறத்தாழ பாதி மரணங்களில், தவிர்த்திருக்கக்கூடிய ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. நிறைய இடத்தில் அது சிகரெட். சில இடத்தில் டாக்டரே. தாமதமாகக் கண்டுபிடித்தது, கேட்காமல் விட்டது, மறுபடி வரச் சொல்லாமல் அனுப்பியது. தன் பங்கையும் சேர்த்து 1987-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அச்சிட்டார். சாவு விசாரணை அதிகாரி வேலையை டாக்டர் தனக்குத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கட்டுரையின் சாரம். பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தவரின் ஃபைல் மருத்துவப் பதிவறைக்குப் போய்விடும். இங்கே இறந்தவரின் மனைவி அடுத்த வாரம் இருமலுக்கு வந்து எதிரே உட்காருவார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சீட்டைப் புரட்டியவர் டியூடர் ஹார்ட் என்பதை மறக்க முடியவில்லை.

ஊரும் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. உப்புக்கும் பிரஷருக்கும் என்ன உறவு என்று சோதிக்க, ஒரு நாள் முழுக்கக் கழிகிற சிறுநீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். நம் ஊரில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், என்ன பதில் கிடைக்குமென்று! கிளின்கோருக்கில் கேட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் சம்மதித்தார்கள். சுரங்கக்காரர்கள் அந்தப் புட்டியை வேலைக்கும் தூக்கிப் போனால்தான் கணக்கு முழுசாகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காரணம் எளிது. ஆய்வு எதற்கு என்று முன்கூட்டியே சொன்னார்கள். முடிவு என்ன என்று வந்து சொன்னார்கள். லேசான பிரஷர் உள்ளவர்களிடம் உப்பைக் குறைத்துச் செய்த ஒரு சிறு சோதனையில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை, அதையும் அப்படியே வெளியிட்டார்கள். கிளினிக்கை எப்படி நடத்துவது என்று பேச நோயாளிகளின் குழு ஒன்றும் அங்கே இருந்தது. தொழிற்சங்கக் கூட்டம் நடத்திப் பழகிய ஊர். டாக்டரிடம் கேள்வி கேட்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

டியூடர் ஹார்ட் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் வேறொரு கட்டுரையால் கேள்விப்பட்டிருப்பார்கள். 1971 பிப்ரவரி 27 தேதியிட்ட ‘லான்செட்’டில் வந்தது. சில பக்கங்கள்தான். அதில் அவர் ஒரு விதி சொன்னார்: நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவாகக் கிடைக்கும், யாருக்குக் குறைவாகத் தேவையோ அங்கே தாராளமாகக் கிடைக்கும். சந்தையின் கைக்கு வைத்தியம் எவ்வளவுக்கு எவ்வளவு போகிறதோ, இந்த விதி அவ்வளவுக்கு அவ்வளவு கடுமையாக வேலை செய்யும். தலைகீழ் விதி என்று இதற்குப் பெயர் வைத்தார்.

காவிரிப் பாசனத்தில் கடைமடை நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பயிர் வாடுவது கடைமடையில், தண்ணீர் தேங்குவது தலைமடையில். வாய்க்கால் தானாக ஒருநாளும் அதைச் சரிசெய்யாது. ஒருவர் மண்வெட்டியோடு போய் முறை வைத்துத் திருப்பிவிட்டால்தான் உண்டு. டியூடர் ஹார்ட் சொன்னதும் அதுவே. வசதியான ஊரில் டாக்டருக்கு நோயாளிகளும் குறைவு, ஒவ்வொருவரோடும் பேச நேரமும் அதிகம், பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரியும் உண்டு. சுரங்க ஊரில் நோய் இரண்டு மடங்கு, டாக்டர் ஒருவர், கட்டடம் பழசு, அனுப்பிவைக்கிற ஆஸ்பத்திரியிலும் நெரிசல். ஏழை கவனக்குறைவால் சாகிறான் என்று சொல்லிவந்தவர்களுக்கு முன்னால், கவனம் எங்கே போய்க் குவிந்திருக்கிறது பாருங்கள் என்று எண்களை எடுத்து வைத்தார்.

இந்த விதியின் இன்னொரு முகம் நம்மையும் தொடுகிறது. பிரிட்டிஷ் டாக்டர்கள் வர விரும்பாத இந்தச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் 1960-களிலிருந்து வந்து உட்கார்ந்தவர்களில் ஏராளமானோர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை போன்ற நாடுகளில் படித்தவர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளின் மதிப்பான துறைகளில் இடம் கிடைக்காமல், கிடைத்த இடத்துக்கு வந்தவர்கள் பலர். பக்கத்து ரோண்டா பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் குடும்ப டாக்டர்களில் பெரும்பகுதியினர் அவர்களே. மூச்சிரைக்கிற வேல்ஸ் கிழவர்கள் அவர்களை நம்பினார்கள், பிள்ளைகளை அவர்களிடமே காட்டினார்கள். வேல்ஸின் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது, அதைவிட வறண்ட கடைமடைகளிலிருந்து. அங்கே அவர்கள் செய்த வேலை பெரிது. இங்கே அவர்கள் விட்டுப்போன நாற்காலிகளும் நிஜம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிளின்கோருக்கின் சுரங்கம் 1970-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஊருக்கு வந்த நோய் எந்தப் பாடப்புத்தகத்திலும் தனி அத்தியாயமாக இல்லை. வேலை இல்லாத ஆண், பகலெல்லாம் வீட்டில். வருமானம் இல்லை, குடி கூடும், தூக்கம் போகும், மனசு நொறுங்கும். மாத்திரை எழுதித் தீர்க்க முடியாத சங்கதி. அந்தக் காலத்திலும் பிரஷர் உறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன, தேதி தவறியவர்கள் தேடப்பட்டார்கள்.

பலன் என்ன? 1991-இல் 25 வருஷக் கணக்கை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். பிரஷர் அதிகமாக இருந்தவர்களின் சராசரி 186/110 என்பதிலிருந்து 146/84-க்கு இறங்கியிருந்தது. அவர்களில் புகைப்பவர்கள் 56 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பிளைன்குவின்வி என்றொரு ஊர். அதே சுரங்கம், அதே வேலையின்மை, அதே வறுமை. அங்கேயும் டாக்டர் உண்டு, மருந்து உண்டு; தேடிப் போகிற இந்த ஏற்பாடு மட்டும் இல்லை. அந்த ஊரோடு ஒப்பிட்டால் கிளின்கோருக்கில் அகால மரணங்கள் சுமார் 30 சதவீதம் குறைவு. இரண்டு சின்ன ஊர்களை ஒப்பிட்டு எதையும் அறுதியிட்டு நிரூபிக்க முடியாது என்று புள்ளியியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள், அது சரிதான். ஆனாலும் 30 சதவீதம் என்பது அந்த அளவு ஊரில் சர்ச் மணிச்சத்தத்தில் தெரியக்கூடிய வித்தியாசம்.

இத்தனைக்கும் புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பிரஷர் கருவி, காகித உறை, பேனா, ஊர்க்காரர்களாகவே இருந்த உதவியாளர்கள், கலையாத ஞாபகம். இதில் கடைசியாகச் சொன்னதுதான் விலை உயர்ந்தது. டாக்டர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிற கிளினிக்கில் உறை இருக்கும், கருவி இருக்கும். ‘போன தடவை உன் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தானே, அவன் போன பிறகு குடி குறைந்ததா?’ என்று கேட்க ஆள் இருக்காது. 310 சந்திப்புகள் வெவ்வேறு 40 டாக்டர்களோடு நடந்திருந்தால், அதில் 40 முறை முதல் சந்திப்பு.

டியூடர் ஹார்ட் ஒளிவுமறைவு இல்லாத கம்யூனிஸ்ட். ஆபரேவன் தொகுதியில் மூன்று முறை நாடாளுமன்றத் தேர்தலில் நின்று மூன்று முறையும் தோற்றார். ஓட்டை லேபர் கட்சிக்குப் போட்டுவிட்டு உடம்பை இவரிடம் காட்ட வந்தது ஊர். அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும் அவருடைய எண்களை மறுக்கவில்லை. பிரிட்டிஷ் குடும்ப டாக்டர்களின் ராயல் கல்லூரி 2006-இல் ஆய்வுக்கான ‘டிஸ்கவரி’ பரிசை முதன்முதலில் அவருக்குத்தான் கொடுத்தது. 2018 ஜூலையில், 91 வயதில் இறந்தார்.

உப்பு ஆய்வுக்காக இளம் டாக்டராக அந்த ஊருக்கு வந்து சிறுநீர்ப் புட்டிகளைச் சேகரித்தவர் கிரஹாம் வாட். பின்னாளில் கிளாஸ்கோவில் குடும்ப மருத்துவப் பேராசிரியரானார். ஸ்காட்லாந்தில் வறுமை மிகுந்த மக்களுக்கு வைத்தியம் பார்க்கிற 100 கிளினிக்குகளை எண்ணிப் பட்டியல் போட்டார். தலைகீழ் விதி எழுதப்பட்டு 38 வருஷம் கழித்து, 2009-இல், அந்தக் கிளினிக்குகளின் டாக்டர்களை ஒரே அறையில் கூட்டினார். நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ற பொருளில் ‘டீப் எண்ட்’ என்று அந்தக் குழுவுக்குப் பெயர். பல பத்து வருஷங்களாக ஒரே வேலையைப் பார்த்துவந்த அவர்களில் பலர், அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். பேச்சு எடுத்ததுமே அவர்கள் கேட்டது ஒவ்வொரு நோயாளியோடும் உட்கார இன்னும் சில நிமிடங்கள்.